பெர்லின் காவல்: கறுப்புக் காய்கள் எழுப்பிய மதில்

போர் என்றவுடன் படை நடத்திச் செல்பவனே மக்கள் நினைவிற்கு வருகிறான். மதிலுக்குள் நின்று காப்பவனை நினைப்பவர் சிலரே. பண்டைத் தமிழ்ப் புலவர்கள் அவ்வாறு ஓரம் சாயவில்லை. பகைவன் கோட்டையை வளைப்பவன் சூடுவது உழிஞைப் பூ என்றும், அதனை உள்ளிருந்து காப்பவன் சூடுவது நொச்சிப் பூ என்றும் அவர்கள் வகுத்தனர். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகவே வைத்து இலக்கணம் கூறுகிறது. தாக்குதலைப் போலக் காத்தலும் வீரத்தின்பாற்பட்டதே என்பது அவர்கள் கொள்கை.

சதுரங்கப் பலகையிலும் உழிஞையாரும் நொச்சியாரும் உண்டு. வெள்ளைக் காய்களை உடையவர் முதலில் நகர்த்துகிறார். அந்த ஒரு நகர்த்தலின் முந்துதலே அவருக்குக் கிடைக்கும் செல்வம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடிய பல்லாயிரம் ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால், நூறு புள்ளிகளில் ஏறக்குறைய ஐம்பத்தைந்து வெள்ளைக்கும் எஞ்சியவை கறுப்பிற்கும் சேர்கின்றன. வேறுபாடு சிறிதுதான். எனினும் உலகப் பட்டத்திற்கான போட்டியில் அந்தச் சிறிய வேறுபாடே மலைபோல் நிற்கும். ஆகவே, கறுப்புக் காய்களைக் கொண்டு எவ்வாறு உறுதியாகத் தொடங்குவது என்னும் கேள்வி, சதுரங்க நூலோரை ஐந்நூறு ஆண்டுகளாக வாட்டி வந்திருக்கிறது.

அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று பெர்லின் காவல் என்பது. நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த இம்முறை, 2000-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் பதினைந்து ஆண்டு காலப் பேரரசு ஒன்றைச் சாய்த்தது. அதன் வரலாறு, காத்தல் என்றால் என்ன என்பதற்கே ஒரு நல்ல விளக்கமாக அமைகிறது.

ஸ்பானியப் பாதிரியாரின் கேள்வி

வரலாற்றைத் தொடங்குமுன் காய்களின் பெயரை வரையறுத்துக்கொள்வது நலம். மூலைகளில் நிற்பவை யானைகள். அவற்றை அடுத்துக் குதிரைகள். அவற்றை அடுத்து மூலைவாட்டில் செல்லும் மந்திரிகள். நடுவே ராஜாவும் ராணியும். முன்வரிசையில் எட்டுக் காலாட்கள். நால்வகைப் படையை நினைவூட்டும் இவ்வாட்டம் பாரத நாட்டில் பிறந்து, பாரசீகத்திற்கும் அரபு நாடுகட்கும் சென்று, அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் ராணிக்கும் மந்திரிக்கும் நெடுந்தொலைவு செல்லும் ஆற்றலைக் கொடுத்தனர். ஆட்டத்தின் வேகம் பன்மடங்காகியது. தொடக்கத்திலேயே தவறு செய்தவன் தொடக்கத்திலேயே வீழ்ந்தான். ஆதலால் தொடக்க நகர்த்தல்களை ஆராயும் நூல்கள் தோன்றின.

போர்த்துக்கல் நாட்டவரான தமியானோ 1512-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் ஒரு நூல் வெளியிட்டார். இரு பக்கத்தாரும் ராஜாவின் முன்நிற்கும் காலாளை இரண்டு கட்டம் முன்னே செலுத்துகின்றனர். வெள்ளைக் குதிரை பாய்ந்து வந்து கறுப்புக் காலாளைத் தாக்குகிறது. கறுப்பு என்ன செய்வது? ராணி பக்கத்துக் குதிரையைக் கொண்டுவந்து அக்காலாளைக் காக்கலாம் என்பது தமியானோவின் அறிவுரை. அரை நூற்றாண்டு கழித்து, 1561-இல், ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் தமது நூலில் இதனை மறுத்தார். காவல் நிற்கும் அந்தக் குதிரையையே வெள்ளை மந்திரியைக் கொண்டு தாக்கினால் காலாளின் கதி யாது என்று அவர் வினவினார். அதனால் இத்தொடக்கம் இன்றளவும் அவர் பெயராலும், ஸ்பானிய ஆட்டம் என்னும் பெயராலும் வழங்குகிறது.

லோபஸ் எழுப்பிய கேள்வி மிகக் கூரியது. காப்பவனைத் தாக்கினால் காக்கப்படுவது தானே விழும் என்னும் போர்நெறியை அவர் பலகையில் காட்டினார். இதற்குத் தகுந்த மறுமொழி காண முந்நூறு ஆண்டுகள் ஆயின.

பெர்லின் அறிஞர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரஷ்ய நாட்டின் தலைநகரான பெர்லினில் எழுவர் கொண்ட சதுரங்கக் குழு ஒன்று புகழ்பெற்று விளங்கியது. வானத்துக் கார்த்திகை மீன்களின் பெயரால் அவர்களை அழைத்தனர். அவர்களுள் ஒருவரான பில்கேர் என்னும் இளம் படைத்துறை அலுவலர், அறியப்பட்ட தொடக்கங்கள் அனைத்தையும் முறைப்படுத்தி ஒரு கைந்நூல் எழுதத் தொடங்கினார். இருபத்தைந்து வயது நிறைவதற்குள், 1840-இல் அவர் மறைந்தார். அவருடைய தோழர் ஃபொன் டெர் லாசா பணியை முடித்து 1843-ஆம் ஆண்டில் நூலை வெளியிட்டார். பல பதிப்புகள் கண்ட அந்நூல் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களின் பாடநூலாக நின்றது.

லோபஸின் தாக்குதலுக்கு அந்நகர அறிஞர்கள் ஆராய்ந்த மறுமொழி நேர்மையானது. தன் காலாள் தாக்கப்படுவதைக் கண்டு கறுப்பு அஞ்சுவதில்லை. ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்து வெள்ளையின் காலாளைத் தாக்குகிறது. “என் காலாளுக்கு நீ குறி வைத்தால் உன் காலாளுக்கு நான் குறி வைக்கிறேன்” என்பதே அதன் பொருள். பெர்லின் காவல் என்னும் பெயர் இதற்கு நிலைத்தது.

ஆயினும் அதற்கு நீண்ட செல்வாக்கு வாய்க்கவில்லை. அமெரிக்க மேதை பால் மார்ஃபியின் பெயரால் வழங்கும் மற்றொரு மறுமொழி, ஓரத்துக் காலாளை ஒரு கட்டம் நகர்த்தி மந்திரியைப் பார்த்து ‘என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்பது. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அதுவே அரசோச்சியது. பெர்லின் முறை, பாதுகாப்பானது. ஆயின் ஒடுங்கியது, உயிரோட்டம் குறைந்தது என்று ஒதுக்கப்பட்டது.

காத்தலும் ஒரு கலை

இதற்கிடையே காத்தலைப் பற்றிய எண்ணமே மாறிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எதிரி காயைப் பலியாகக் கொடுத்தால் அதனை ஏற்று மடிவதே ஆண்மை என்று எண்ணினர். தாக்கியவனைப் புகழ்ந்தனர், காத்தவனைக் கோழை என்றனர். இவ்வெண்ணத்தை உடைத்தவர் பிராகா நகரில் பிறந்த வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ். 1886-இல் சூக்கர்டோர்ட்டை வென்று முதல் உலகச் சாம்பியன் ஆனவர் அவர். இரு பக்கமும் சமநிலையில் இருக்கையில் திடீரென்று தாக்குவது அறிவுடைமையாகாது. சிறு சிறு நலன்கள் திரண்ட பின்னரே தாக்குதல் பயன்தரும். காப்பவர் தேவைக்கு மேல் ஒரு காலாளையும் அசைக்கலாகாது. இவை அவர் கற்பித்த நெறிகள். மருத்துவர் அளவறிந்து மருந்து கொடுப்பது போலக் காவலும் அளவறிந்து செய்யப்படுவது என்று உலகம் அவரால் உணர்ந்தது.

அந்நெறியின் சிகரமாக விளங்கியவர் ஆர்மேனியரான திக்ரான் பெத்ரோசியான். 1962-இல் ஸ்டாக்ஹோமிலும் குராசாவோ தீவிலும் நடைபெற்ற இரு தகுதிப் போட்டிகளிலும் ஓர் ஆட்டத்தையும் அவர் இழக்கவில்லை. மறு ஆண்டே போட்வின்னிக்கை வென்று உலகப் பட்டம் பெற்றார். எதிரி எண்ணிக்கொண்டிருக்கும் தாக்குதலை அவன் தொடங்குமுன்னே தடுத்துவிடுவது அவர் கலை. 1969 வரை பட்டம் அவரிடமே இருந்தது. ஆனால் அவரும் பெர்லின் காவலை மீட்டுக் கொணரவில்லை. அப்பணி வேறொருவருக்காகக் காத்திருந்தது.

எட்டு நகர்த்தல்கள்

பெர்லின் காவலின் நுட்பத்தை அறிய, அதன் முதல் எட்டு நகர்த்தல்களைப் பின்தொடர்வது போதும். இரு ராஜாக் காலாட்களும் முன்வந்தன, குதிரைகள் பாய்ந்தன, மூன்றாம் நகர்த்தலில் வெள்ளை மந்திரி கறுப்புக் குதிரையைத் தாக்கியது, கறுப்பு தன் மற்றொரு குதிரையை வெளிக்கொணர்ந்தது. நான்காவதாக வெள்ளை தன் ராஜாவைக் கோட்டை கட்டி ஓரத்தில் ஒதுக்குகிறது. கறுப்புக் குதிரை வெள்ளைக் காலாளை வெட்டுகிறது. ஐந்தாவதாக வெள்ளை ராணியின் முன்நிற்கும் காலாளை இரண்டு கட்டம் தள்ளி நடுப்பலகையைத் திறக்கிறது. கறுப்புக் குதிரை பின்வாங்கி வெள்ளை மந்திரியின்மீது குறி வைக்கிறது. ஆறாவதாக அம்மந்திரி கறுப்பின் மற்றைக் குதிரையை வெட்ட, கறுப்பு தன் ராணிக் காலாளால் அதனை வெட்டுகிறது. ஏழாவதாக வெள்ளைக் காலாள் நடுவில் நிற்கும் கறுப்புக் காலாளை வெட்டிக் குதிரையை விரட்டுகிறது. குதிரை பக்கவாட்டில் ஒரு நல்லிடம் தேடி அமர்கிறது. எட்டாவதாக ராணிகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிப் பலகையைவிட்டு நீங்குகின்றன. வெள்ளை ராணியைக் கறுப்பு ராஜா தன் கையாலேயே வெட்ட நேர்கிறது.

இவ்விடத்தில் பழைய ஆசிரியர்கள் தலையசைத்து நூலை மூடிவிட்டனர். காரணம் வெளிப்படை. கறுப்பு ராஜா அசைந்துவிட்டது. இனி அது கோட்டை கட்ட இயலாது. கறுப்பின் இரு காலாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் சிக்கிக்கொண்டன. இரு பக்கமும் ஏழு காலாட்கள் உள்ளன. ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு, கறுப்பிற்கு மூன்று. ராணி பக்கத்தில் கறுப்பிற்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. எண்ணிக்கை சமம் எனினும் பயன் சமமன்று. வெள்ளையின் நான்கு காலாட்கள் முன்னேறித் தடையற்ற ஒரு காலாளை உண்டாக்கலாம். கறுப்பின் நான்கும், இரண்டு ஒரே வரிசையில் இருப்பதால், எளிதில் அவ்வாறு செய்ய இயலாது. மற்றக் காய்கள் யாவும் நீங்கிக் காலாட்கள் மட்டுமே எஞ்சுமாயின், வெற்றி வெள்ளைக்கே என்று கணக்கிடலாம்.

கொடுத்ததும் கொண்டதும்

இவ்வளவு குறைகளை அறிந்தே ஏற்றுக்கொண்ட கறுப்பு அவற்றிற்கு ஈடாகப் பெற்றது என்ன?

முதலாவது, இரண்டு மந்திரிகள். வெள்ளை ஒரு மந்திரியை இழந்துவிட்டது; கறுப்பிடம் இரண்டும் உள்ளன. பலகை திறக்கும் நாளில் அவை இரண்டும் இணைந்து நெடுந்தொலைவு ஆளும். இரண்டாவது, ராணி இல்லாத பலகை. ராஜாவை வேட்டையாட ராணியே தலையாய கருவி. அது போன பின்னர், கோட்டை கட்டாத ராஜாவும் அஞ்சவேண்டியதில்லை. ஓரிரு அடிகள் நடந்து காலாட்களின் நிழலில் தங்கிவிடலாம். மூன்றாவது, வெள்ளையின் முன்னேறிய காலாள். அது பகைவர் எல்லைக்குள் நுழைந்து அச்சுறுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அது கடந்து சென்ற பிறகு அதன் பக்கங்களிலுள்ள வெண்ணிறக் கட்டங்களைக் காக்க வெள்ளைக் காலாள் ஒன்றும் அருகில் இல்லை. அக்கட்டங்களில் கறுப்புக் குதிரையும் மந்திரியும் அமர்ந்து காலாளின் வழியை அடைத்துவிடும். குதிரையை விரட்டுவதற்கு வெள்ளை தன் ராஜாவின் பக்கத்துக் காலாளைத் தள்ளினால், அதுவே அதன் வீட்டுக் கூரையைத் தளர்த்தும்.

நான்காவது, எல்லாவற்றினும் முதன்மையானது: கறுப்பின் அமைப்பில் எதிரி எளிதில் தாக்கக்கூடிய குறி ஒன்றும் இல்லை. சுவரில் எல்லாச் செங்கற்களும் சற்றுக் கோணலாக இருக்கின்றன. ஆயினும் உருவி எடுக்கத்தக்க செங்கல் ஒன்றும் இல்லை. வெள்ளை தன் நலனை வெற்றியாக மாற்றவேண்டுமானால் நெடுநேரம், மிகப் பொறுமையாக, ராணியின் உதவியின்றி உழைக்கவேண்டும்.

அந்த உழைப்பை விரும்பாத எதிரியிடம் இக்காவல் வலிமை மிக்கது. அந்த எதிரி யார் என்பதில்தான் வரலாறு திரும்பியது.

லண்டன் மாநகரில்

கேரி காஸ்பரோவ் 1985-ஆம் ஆண்டில், இருபத்திரண்டாம் வயதில், கார்ப்போவை வென்று உலகச் சாம்பியன் ஆனவர். தொடக்க நகர்த்தல்களை அவர்போல் ஆழமாக ஆராய்ந்து வைத்தவர் அந்நாளில் இல்லை. வீட்டில் ஆயத்தம் செய்த புதுமையை எதிரியின்மீது வீசி, காய்களை உயிர்ப்பித்து, ராஜாவை நோக்கிப் பாய்வது அவர் இயல்பு. 1993-இல் அவர் உலகச் சதுரங்கச் சம்மேளனத்தைவிட்டுப் பிரிந்த பின், உலகப் பட்டம் இரண்டாகப் பிளந்தது. எனினும் ஆட்டத்தில் முதல்வர் அவரே என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அவரை எதிர்க்க வந்தவர் விளாதிமிர் கிராம்னிக். கருங்கடற்கரையில் உள்ள துவாப்சே நகரில் 1975-இல் பிறந்தவர். அவர் காஸ்பரோவை அறிந்திருந்த முறை தனிச்சிறப்புடையது. 1995-இல் நியூயார்க் நகரில் காஸ்பரோவ் தமிழரான விசுவநாதன் ஆனந்தை எதிர்த்து ஆடியபோது, காஸ்பரோவின் துணைவர்களுள் ஒருவராகப் பணியாற்றியவர் இந்தக் கிராம்னிக்கே. பேரரசனின் படைக்கொட்டிலில் எவ்வகைப் படைக்கலம் உண்டு என்பதை உள்ளிருந்து கண்டவர் அவர். அவருக்கு இந்த வாய்ப்புக் கிட்டியது பற்றிக் குறை கூறியவர்களும் உண்டு. ஏனெனில் 1998-இல் ஸ்பெயினில் நடந்த தகுதிப் போட்டியில் அலெக்சி ஷிரோவிடம் அவர் தோற்றிருந்தார். ஷிரோவ் ஆடவேண்டிய போட்டிக்குப் பணம் திரளாமற்போகவே, வாய்ப்புக் கிராம்னிக்கிற்கு வந்தது. ஆகவே அவர் தம் தகுதியையும் பலகையின்மீதே நிலைநாட்டவேண்டியிருந்தது.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியில் போட்டி தொடங்கியது. பதினாறு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் காஸ்பரோவுக்கு வெள்ளை. ஸ்பானிய ஆட்டத்தை அவர் தொடுத்தார். கிராம்னிக் ஓரத்துக் காலாளைத் தொடவில்லை, குதிரையை எடுத்தார். எட்டாம் நகர்த்தலில் ராணிகள் பலகையைவிட்டு நீங்கின. பதினைந்து ஆண்டுகள் உலகை அச்சுறுத்திய தாக்குதல், அதன் கூரிய வாளை இழந்து நின்றது. கறுப்பு ராஜா அமைதியாக ஒரு கட்டம் நகர்ந்தது. பின்னர் காலாட்களின் நடுவே ஒதுங்கியது. இருபத்தைந்தாம் நகர்த்தலில் ஆட்டம் சமனாக முடிந்தது.

இரண்டாம் ஆட்டத்தில் கிராம்னிக்கிற்கு வெள்ளை. அவர் வென்றார். மூன்றாம் ஆட்டத்தில் காஸ்பரோவ் மீண்டும் அதே மதிலை முட்டினார். ஐம்பத்து மூன்று நகர்த்தல்கள் நடந்தும் மதில் அசையவில்லை. ஐந்தாம், ஏழாம் ஆட்டங்களில் அவர் வேறு வழியாகச் சுற்றி வந்து வேறு காலாளைத் தொடங்கினார். ஏழாம் ஆட்டம் பதினொரே நகர்த்தலில் சமனாயிற்று. ஒன்பதாம் ஆட்டத்தில் மறுபடியும் பெர்லின், முப்பத்து மூன்று நகர்த்தல்கள், சமன். பத்தாம் ஆட்டத்தில் கிராம்னிக் வெள்ளைக் காய்களால் மற்றொரு வெற்றி பெற்றார். பதின்மூன்றாம் ஆட்டத்தில் காஸ்பரோவ் நான்காம் முறையாகப் பெர்லின் மதிலை அணுகினார். பதினான்கு நகர்த்தல்களில் சமன் செய்துகொண்டு எழுந்தார். பதினைந்தாம் ஆட்டமும் சமனாகவே, கிராம்னிக் எட்டரை, காஸ்பரோவ் ஆறரை என்னும் கணக்கில் பட்டம் கைமாறியது.

காஸ்பரோவுக்கு எட்டு முறை வெள்ளை வாய்த்தது. ஒரு முறைகூட அவரால் வெல்ல இயலவில்லை. உலகச் சாம்பியன் ஒருவர் ஓர் ஆட்டமும் வெல்லாமல் பட்டம் இழப்பது, 1921-இல் ஹவானா நகரில் லாஸ்கர் கபபிளாங்காவிடம் தோற்றபின் நேர்ந்தது அப்போதுதான். 2005-இல் அவர் போட்டிகளிலிருந்து ஓய்வு பெறும்வரை உலகப் பட்டத்திற்கான மற்றொரு ஆட்டத் தொடரில் அவர் அமரவே இல்லை.

1989-இல் இடிந்த பெர்லின் சுவரை நினைவூட்டி, இக்காவலையும் ‘பெர்லின் சுவர்’ என்று உலகம் அழைக்கலாயிற்று. இங்கு ஒன்றைக் கருதவேண்டும். கிராம்னிக்கின் இரு வெற்றிகளும் வெள்ளைக் காய்களால் வந்தவை. பெர்லின் காவல் ஓர் ஆட்டத்தையும் அவருக்கு வென்று கொடுக்கவில்லை. கறுப்பாக ஆடும் நாளில் வீழமாட்டோம் என்ற உறுதி இருந்தமையால், வெள்ளையாக ஆடும் நாளில் அவர் துணிந்து முன்செல்ல முடிந்தது. மதிலின் பயன் அதுவே.

சென்னையிலும் சோச்சியிலும்

வெற்றி பெற்ற ஆயுதத்தை எல்லாரும் எடுப்பர். அடுத்த பத்தாண்டுகளில் முதல்நிலை ஆட்டக்காரர் பலர் பெர்லின் காவலைக் கற்றனர். ஆட்டம் உயிரற்றுப்போயிற்று, சமன்கள் பெருகின என்று முறையிட்டவர்களும் இருந்தனர். வெள்ளையும் வாளாவிருக்கவில்லை. மதிலை முட்டுவதை விட்டு, நான்காம் நகர்த்தலிலேயே ராணிக் காலாளை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, ராணிகளைப் பலகையில் வைத்துக்கொண்டே மெல்லப் போரிடும் வழியைக் கையாண்டது.

இந்நிலையில் 2013 நவம்பரில் சென்னையில் உலகப் பட்டப் போட்டி நடந்தது. 1969-இல் மாயூரத்தில் பிறந்து சென்னையில் வளர்ந்த ஆனந்த் அப்போது உலகச் சாம்பியன். 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் இதே கிராம்னிக்கை வென்று பட்டத்தைக் காத்தவர் அவர். அங்கே கறுப்புக் காய்களைக்கொண்டு அவர் இருமுறை வென்றது பெர்லின் காவலால் அன்று, கூரிய எதிர்த்தாக்குதலால். மதில் கட்டியவரையே வாள்வீச்சால் வென்றார் எனலாம்.

சென்னையில் எதிரே அமர்ந்தவர் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன், இருபத்திரண்டு வயதினர். நான்காம் ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளை; கார்ல்சன் பெர்லின் காவல். ராணிகள் நீங்கின. ஆனால் கார்ல்சனின் மந்திரி மதிலைத் தாண்டி நெடுந்தொலைவு சென்று வெள்ளையின் ஓரத்துக் காலாளைக் கவர்ந்தது. மதிலுக்குள் இருப்பவன் வெளியே வந்தும் போரிடலாம் என்பதை அது காட்டியது. அறுபத்து நான்கு நகர்த்தல்கள் போராடி ஆனந்த் சமன் செய்தார். ஆறாம் ஆட்டத்தில் ஆனந்த் புதுவழியாக ராணிகளை வைத்துக்கொண்டார். கார்ல்சன் சிறிதும் அவசரப்படாமல் அறுபத்தேழாம் நகர்த்தலில் கறுப்புக் காய்களால் வென்றார். எட்டாம் ஆட்டத்தில் ஆனந்தும் கறுப்பாக அதே காவலை எடுத்துச் சமன் செய்தார். போட்டி ஆறரைக்கு மூன்றரை என முடிந்து பட்டம் கார்ல்சனிடம் சென்றது.

அடுத்த ஆண்டு ருஷ்யாவின் சோச்சி நகரில் மீண்டும் அவ்விருவரே மோதினர். இம்முறை ஆனந்த் நான்கு ஆட்டங்களில் கறுப்பாகப் பெர்லின் காவலை மேற்கொண்டார். லண்டனில் கிராம்னிக் மேற்கொண்டதும் நான்கே. அங்கே நான்கும் சமன். இங்கே இரண்டு சமன், இரண்டு தோல்வி.

அவற்றுள் ஏழாம் ஆட்டம் காவல் வரலாற்றில் நினைக்கத்தக்கது. கார்ல்சன் விடாமல் நெருக்கினார். ஆனந்த் ஒரு காய் குறைந்த நிலையிலும் அசையாமல் நின்றார். நூற்று இருபத்திரண்டு நகர்த்தல்கள் கடந்து ஆட்டம் சமனாயிற்று. உலகப் பட்டப் போட்டிகளில் அதற்குமுன் அதனினும் நீண்டது, 1978-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாகியோவில் கார்ப்போவும் கோர்ச்னாயும் ஆடிய நூற்று இருபத்து நான்கு நகர்த்தல் ஆட்டம் ஒன்றே. ஆனால் பதினோராம் ஆட்டத்தில் கதை வேறாயிற்று. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த ஆனந்த், தாங்கத்தக்க நிலையில் இருந்தபோதே யானையைக் கொடுத்து மந்திரியைப் பெறும் துணிச்சலான வழியில் இறங்கினார். மதிலின் கதவு உள்ளிருந்தே திறந்தது. நாற்பத்தைந்தாம் நகர்த்தலில் ஆட்டமும் போட்டியும் முடிந்தன. அவர் துணிந்தது பேதைமை என்று கூறுவதற்கில்லை. பின்தங்கியவனுக்குச் சமன் போதாது. காவல் அவன் பசியைத் தீர்க்காது. கிராம்னிக் முன்னணியில் இருந்துகொண்டு மதிலைக் காத்தார். ஆனந்த் பின்தங்கி நின்று அதே மதிலைக் காக்கவேண்டியிருந்தது. ஒரே காவல் ஒருவருக்கு வாழ்வையும் மற்றவருக்குத் தாழ்வையும் தந்ததன் காரணம் இதில் பெரிதும் அடங்கும்.

மதிலும் காப்பவரும்

திருவள்ளுவர் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, நல்ல கோட்டையின் இயல்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியபின், அதன் இறுதிக் குறளில் வேறொன்று கூறுகிறார்: எவ்வளவு சிறப்புடைய அரணாயினும், உள்ளிருப்பவரிடம் வினைத்திறம் இல்லையேல் அதனால் பயனில்லை என்பது அவர் கருத்து. பெர்லின் காவலின் வரலாறு அதற்குச் சான்றுபோல் அமைந்திருக்கிறது. எட்டு நகர்த்தல்களை மனப்பாடம் செய்வது ஒரு மாலைப்பொழுதின் வேலை. ஒன்பதாம் நகர்த்தலுக்குப்பின் மணிக்கணக்கில் அவசரப்படாமல், மனம் தளராமல், எந்தக் காயை எப்போது மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றலாகாது என்று தேர்ந்து நிற்பதே உண்மையான காவல்.

சிங்கப்பூர் மக்கள் இவ்வுண்மையைத் தங்கள் மண்ணிலேயே கண்டனர். 2024 டிசம்பர் 12-ஆம் நாள் செந்தோசாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது, இறுதி ஆட்டம் அது. அன்று தொடக்கம் பெர்லின் அன்று. கறுப்புக் காய்கள் சென்னை இளைஞர் குகேஷிடமும் வெள்ளை சீனத்தின் டிங் லிரெனிடமும் இருந்தன. டிங் ஒரு காலாள் குறைந்து, ஆயினும் தாங்கக்கூடிய நிலையில், காத்துக்கொண்டிருந்தார். சமன் ஆகுமென்று பார்த்தோர் எண்ணியிருந்த வேளையில், ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைகளையும் மந்திரிகளையும் மாற்றிக்கொண்டார். எஞ்சிய காலாட்களின் கணக்கு கறுப்பிற்கு வெற்றியைத் தந்தது. பதினெட்டு வயதில் அவர் உலகச் சாம்பியன் ஆனார். காவலின் சோதனை நிறத்தைப் பார்த்து வருவதில்லை. களைத்த கண்ணையும் தளர்ந்த பொறுமையையும் பார்த்தே வருகிறது.

கறுப்புக் காய்களை எடுத்து அமரும் மாணவனுக்கு இவ்வரலாறு தரும் பாடம் எளியது. குறையே இல்லாத அமைப்பு எங்கும் இல்லை. எந்தக் குறையைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்பதை முன்னரே ஆராய்ந்து முடிவுசெய்வதே காவலின் தொடக்கம். பெர்லின் அறிஞர்கள் அதனை வகுத்தனர். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அதன் விலையைக் கணக்கிட்டு, கொடுக்கத் துணிந்தார். ராஜாவின் கோட்டையையும் காலாட்களின் அழகையும் விட்டுக்கொடுத்து அவர் காத்தது ஒரு பட்டத்திற்கான வழியை. தாக்கியவர்களின் ஆட்டங்களை மட்டும் தொகுத்து வைக்கும் நூல்களில் அந்த நான்கு சமன்களுக்கும் இடம் கிடைக்காமல் போகலாம். உலகப் பட்டத்தின் வரலாற்றில் அவற்றிற்கு உரிய இடம் உண்டு.